பழைய ஆலை நிலத்தில் வீடு கட்டலாமா? மண் பரிசோதனை அறிக்கையை வாசிப்பது எப்படி

நகரத்துக்கு நடுவே மூடிக் கிடந்த ஆலை நிலம் கைமாறுகிறது. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்போ பள்ளியோ பூங்காவோ வரப்போவதாக அறிவிப்பு வந்ததும் சர்ச்சை தொடங்கிவிடுகிறது. "மண்ணைப் பரிசோதித்துவிட்டோம், எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது" என்று ஒரு தரப்பு அறிக்கையைக் காட்டும். "நாங்கள் எடுத்த மாதிரியில் ஈயம் வரம்பைப் போல ஐந்து மடங்கு" என்று இன்னொரு தரப்பு வேறோர் ஆய்வகத்தின் தாளை நீட்டும். இரண்டில் ஒன்று பொய் என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடுகிறார்.

இரண்டுமே நேர்மையான அறிக்கைகளாக இருக்கலாம். ஆய்வகம் தன் கைக்கு வந்த புட்டியில் என்ன இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அந்தப் புட்டியை எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த வேதிப்பொருளைத் தேடி நிரப்பினார்கள் என்பது ஆய்வகத்துக்கு வெளியே, அதற்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவு. சண்டை பெரும்பாலும் எண்களைப் பற்றி நடக்கிறது. கவனிக்க வேண்டியதோ அந்த முடிவு.

மாசு எப்போது ஆபத்தாகிறது?

மண்ணில் ஒரு நச்சுப்பொருள் இருப்பது வேறு, அது ஒருவரைப் பாதிப்பது வேறு. பாதிப்பு நிகழ மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.

1. மூலம்: கசிந்த தொட்டி, புதைத்த கழிவு, எண்ணெய் ஊறிய மண், ஆலையை இடித்தபோது கலந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகள்.

2. வழி: அந்தப் பொருள் நகரும் பாதை. தூசியாகப் பறக்கலாம், மழைநீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கலாம், ஆவியாகி வீட்டுக்குள் ஏறலாம், கீரை காய்கறிகளில் சேரலாம், கையில் ஒட்டி வாய்க்குள் போகலாம்.

3. ஏற்பவர்: அங்கே வசிப்பவர், விளையாடும் குழந்தை, பள்ளம் தோண்டும் தொழிலாளி, கிணற்று நீர் குடிக்கும் பக்கத்துத் தெருக்காரர், அருகில் உள்ள ஏரியின் மீன்கள்.

இந்த மூன்றையும் இணைத்து, "இந்த நிலத்தில் என்ன, எந்த வழியாக, யாரை அடையக்கூடும்" என்று முதலில் ஒரு வரைபடம் போடுவார்கள். நில மதிப்பீட்டின் முதுகெலும்பு அதுதான். மூன்றில் ஒன்றை அறுத்துவிட்டால் ஆபத்து குறையும். ஆனால் நிலத்தின் பயன்பாடு மாறினால், அறுந்த கண்ணி மறுபடி சேர்ந்துகொள்ளும். வாகன நிறுத்துமிடமாக, கான்கிரீட் மூடிய தரையாக இருந்தவரை தொல்லை தராத ஈயம், அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்துப் புல்வெளி ஆக்கிய மறுநாளே குழந்தையின் விரல் நுனிக்கு வந்துவிடும். ஆகவே "இந்த மண் பாதுகாப்பானது" என்ற வாக்கியம் முழுமையடையாத வாக்கியம். எந்தப் பயன்பாட்டுக்கு, யாருக்கு என்பதும் அதோடு வர வேண்டும்.

குழந்தைகளைத் தனியே கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் ஆபத்துக் கணக்குகளில், ஒரு சிறு குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணையும் தூசியையும் விழுங்கும் என்று நீண்ட காலமாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பெரியவருக்கு அதில் பாதி. எடை குறைந்த, வளர்ந்துகொண்டிருக்கும் உடலுக்குள் இரண்டு மடங்கு மண் போகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

தோண்டுவதற்கு முன்: நிலத்தின் பழைய கதை

நல்ல மதிப்பீடு காகிதங்களில் தொடங்கும். பழைய நில வரைபடங்கள், வான்வழிப் புகைப்படங்கள், ஆலை உரிமங்கள், தீ விபத்துப் பதிவுகள், கட்டட வரைபடங்கள், முன்னாள் தொழிலாளர்களிடம் நேரில் கேட்டு எழுதிய குறிப்புகள், பிறகு நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்து எழுதும் விவரம். இதை முதல் கட்டம் என்பார்கள். இதில் ஒரு புட்டி மண்கூட எடுப்பதில்லை. அதனாலேயே பணம் மிச்சப்படுத்த நினைப்பவர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான். என் பார்வையில், மொத்த வேலையில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இந்தக் கட்டமே. எந்தத் தொழில் நடந்தது என்று தெரியாவிட்டால் எந்தப் பொருளைத் தேடுவது என்று தெரியாது. தேடாத பொருளை ஆய்வகம் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது.

சில தொழில்கள் விட்டுச்செல்லும் தடயங்களைப் பார்க்கலாம்.

நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்த பழைய ஆலைகள் தார், பென்சீன், பீனால், புற்றுநோயோடு தொடர்புடைய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் ஆகியவற்றை விட்டுச்செல்லும். வாயுவைச் சுத்தப்படுத்திய கழிவில் சயனைடு சேர்மங்கள் இருப்பதால் அந்த மண் சில இடங்களில் நீல நிறமாகவே இருக்கும். மின்முலாம் பட்டறைகளில் நிக்கல், சயனைடு, ஆறு இணைதிறன் குரோமியம். அமிலத் தொட்டியிலிருந்து புகை எழாமல் தடுக்கப் பயன்பட்ட பிஎஃப்ஏஎஸ் எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களும் பல பட்டறைகளின் அடிமண்ணில் இருக்கின்றன. உலோகப் பாகங்களின் எண்ணெயை நீக்கிய இடங்களில் ட்ரைக்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான். உலர்சலவை நிலையங்களில் அதன் உறவான டெட்ராகுளோரோஎத்திலீன். தோல் பதனிட்ட இடத்தில் குரோமியம், மின்கலம் செய்த இடத்தில் ஈயம், மின்மாற்றி பழுதுபார்த்த இடத்தில் பிசிபி என்ற குளோரின் சேர்ந்த நச்சு எண்ணெய், மரத்துக்கு மருந்து ஏற்றிய இடத்தில் ஆர்செனிக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெயும்.

ஆகவே மின்முலாம் பட்டறை இருந்த நிலத்துக்கு, பத்து உலோகங்களை மட்டும் அளந்து சயனைடையும் கரைப்பான்களையும் விட்டுவிட்ட அறிக்கை வந்தால், அதில் உள்ள எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் அது பாதி அறிக்கைதான். இன்னொன்று: பழைய தொழில் நிலங்களில் மேல் ஒன்றிரண்டு மீட்டர் பெரும்பாலும் அந்த இடத்தின் சொந்த மண்ணாக இருக்காது. பள்ளத்தை மேடாக்க வேறெங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய சாம்பல், கசடு, கட்டட இடிபாடு. ஆலை சுத்தமாக நடந்திருந்தாலும் நிரப்பிய மண்ணே மாசின் மூலமாக இருக்கக்கூடும்.

எத்தனை இடத்தில் தோண்டினார்கள்?

அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான். கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஒரு ஹெக்டேர் நிலம், அதாவது 100 மீட்டருக்கு 100 மீட்டர். 20 மீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாதிரி எடுத்தால் 25 மாதிரிகள். கேட்கும்போது நிறையத்தான் தோன்றுகிறது. அந்த நிலத்தில் ஒரு பழைய தொட்டி கசிந்து, 10 மீட்டர் விட்டத்தில் வட்டமாக ஒரு பகுதி மட்டும் கெட்டுப்போயிருக்கிறது என்று வையுங்கள். வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர மீட்டர், ஒரு கட்டத்தின் பரப்பு 400 சதுர மீட்டர். மாதிரிப் புள்ளி அந்த வட்டத்துக்குள் விழும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடு. அதாவது ஐந்தில் நான்கு முறை, இருக்கும் மாசு அகப்படாமலே போகும். அது எங்கே இருந்தாலும் தப்பாமல் பிடிக்க வேண்டுமானால் இடைவெளியை 7 மீட்டராகக் குறைக்க வேண்டும். அப்போது தேவைப்படுவது சுமார் 200 மாதிரிகள்.

நிறையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு ஹெக்டேரின் மேல் ஒரு மீட்டர் மண் மட்டுமே ஏறத்தாழ 16,000 டன். அரை கிலோ வீதம் 25 மாதிரிகள் எடுத்தால் 12.5 கிலோ. அதிலும் ஆய்வகம் கரைத்துச் சோதிப்பது ஒவ்வொரு புட்டியிலும் சில கிராம்தான்.

200 துளை போடப் பெரும்பாலும் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. நிலத்தின் கதை கைகொடுப்பது இங்கேதான். தொட்டி இருந்த இடம், கழிவுநீர் ஓடிய வாய்க்கால், சரக்கு இறக்கிய மேடை, மின்மாற்றி நின்ற மூலை ஆகியவை தெரிந்தால் அங்கே நெருக்கமாகவும் மற்ற இடங்களில் கட்டம் போட்டு அகலமாகவும் எடுக்கலாம். உலோகங்களைக் களத்திலேயே அளக்கும் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவிகளும் உண்டு. ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பார்த்து, சந்தேகமானவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

கலவை மாதிரி என்ற முறையையும் கவனிக்க வேண்டும். ஐந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதிப்பது அது. நான்கு இடத்தில் ஈயம் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஐந்தாவது இடத்தில் 1,000 மில்லிகிராம் என்றால் கலவையில் வருவது 216. வரம்பு 400 என்றால் "தேறியது" என்று எழுதிவிடலாம். அந்த ஐந்தாவது இடத்தில் ஊஞ்சல் போட்டால் அங்கே விளையாடும் குழந்தைக்கு இந்தச் சராசரியால் என்ன பயன்? நிலம் முழுவதன் சராசரியை அறிய இந்த முறை உதவும், அதுவும் 30 அல்லது அதற்கு மேற்பட்ட துணுக்குகளை முறையாகச் சேர்த்தால். மாசுத் திட்டைத் தேடுவதற்கு இது பொருந்தாது. பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்களுக்குக் கலவை மாதிரி அறவே கூடாது. கிளறும்போதே அவை காற்றில் போய்விடும். அவற்றுக்கான மண்ணைக் குழாயில் எடுத்தபடியே மூடியோ, களத்திலேயே மெத்தனாலில் இட்டோ, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். வெயிலில் நெகிழிப் பையில் கிடந்த மண்ணில் பென்சீன் "இல்லை" என்று வந்தால் வியப்பில்லை.

மேல்மண்ணோடு நிற்காத மாசு

எண்ணெய், பெட்ரோல், பென்சீன் போன்றவை தண்ணீரை விட இலேசானவை. கசிந்து இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் மிதந்து பரவும். குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் நேர்மாறு. ட்ரைக்குளோரோஎத்திலீன் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனம். நீர்மட்டத்தைத் தாண்டி, களிமண் படலமோ பாறையோ தடுக்கும்வரை இறங்கிக்கொண்டே போகும். அங்கே குட்டையாகத் தேங்கி, பல பத்தாண்டுகளுக்கு மெல்ல மெல்லக் கரையும். மேலே ஒரு மீட்டரில் எடுத்த மாதிரியில் இதன் சுவடே இருக்காது.

எவ்வளவு கரைந்தால் பிரச்சினை? அமெரிக்காவில் குடிநீரில் ட்ரைக்குளோரோஎத்திலீனுக்கு உள்ள வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் கரைப்பானின் எடை சுமார் 1.46 கிலோ. வகுத்துப் பார்த்தால், அந்த ஒரு லிட்டர் முழுதும் கரைந்தால் 29 கோடி லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆகவே மண்ணோடு நிலத்தடி நீரையும் பார்த்தாக வேண்டும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளாவது தேவை. ஓட்டத்தின் மேற்பக்கத்தில் ஒன்று இருந்தால்தான் மாசு இந்த நிலத்தில் பிறந்ததா, அண்டை நிலத்திலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதால் ஒரே ஒரு முறை எடுத்த அளவீடு போதாது. கட்டுமானக்காரர்கள் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. அடித்தளம் தோண்டும்போது நீரை இறைத்து வெளியேற்றினால், நீரோட்டத்தின் திசையே தற்காலிகமாக மாறி, எங்கோ இருந்த மாசு இங்கே இழுபட்டு வரலாம்.

மூன்றாவது பாதை ஆவி. கரைப்பான்களும் பென்சீனும் ஆவியாகி மண்ணின் இடுக்குகள் வழியே மேலேறும். திறந்த வெளியில் அவை கலைந்துபோகும். மேலே கட்டடம் வந்துவிட்டால் தரை விரிசல், குழாய் நுழையும் துளை ஆகியவற்றின் வழியாக உள்ளே புகுந்து அறையில் தேங்கும். வீட்டுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றே குறைவாக இருக்கும் வேளைகளில் வீடே அதை உறிஞ்சி இழுக்கும். இதைக் கண்டறிய மண்ணைச் சோதிப்பது போதாது. மண்ணிடைக் காற்றையும், கட்டடம் இருந்தால் தரைக்கு அடியில் உள்ள காற்றையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். காலி மனையில் "மண் சுத்தம்" என்று வந்த அறிக்கை, அதன்மேல் எழும்பப்போகும் வீட்டுக் காற்றைப் பற்றி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அறிக்கையின் எண்களைப் படிக்கும்போது

1. அலகைப் பாருங்கள். மண்ணுக்குக் கிலோவுக்கு மில்லிகிராம், தண்ணீருக்கு லிட்டருக்கு மைக்ரோகிராம் என்பது பொதுவான வழக்கம். மில்லிக்கும் மைக்ரோவுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

2. "கண்டறியப்படவில்லை" என்றால் சுழியம் என்று பொருளல்ல. கருவி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் பொருள். வரம்பு 1 என்று இருக்கையில் ஆய்வகத்தால் 5க்குக் கீழே அளக்க முடியவில்லை என்றால் அந்த வரி வெற்றுவரி.

3. எந்த வரம்போடு ஒப்பிட்டார்கள்? குடியிருப்புக்கு ஒரு வரம்பு, தொழிற்சாலைக்கு அதைவிடத் தளர்வான வரம்பு என்பது பல நாடுகளின் நடைமுறை. குடியிருப்பு வரப்போகும் நிலத்தைத் தொழில் நில வரம்போடு ஒப்பிட்டிருந்தால் முடிவு செல்லாது. வரம்புகளும் நிலையானவை அல்ல. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்க முகமை 1994 முதல் வழங்கிவந்த அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம். 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. குழந்தைகளின் மூளையை ஈயம் எவ்வளவு குறைந்த அளவிலேயே பாதிக்கிறது என்பது இடைப்பட்ட ஆண்டுகளில் தெளிவானதே காரணம்.

4. இயற்கையில் எவ்வளவு இருக்கிறது? ஆர்செனிக் எந்த ஆலையும் இல்லாத மண்ணிலும் கிலோவுக்குச் சில மில்லிகிராம் இருக்கும். அமெரிக்க முகமை குடியிருப்புக்கு வைத்திருக்கும் முதற்கட்டச் சல்லடை அளவு 0.68 மில்லிகிராம். ஆகவே உலகின் பெரும்பகுதி மண் அந்தச் சல்லடையில் தேறாது. "வரம்பைப் போல பத்து மடங்கு ஆர்செனிக்" என்ற தலைப்பைக் கண்டால், ஆலைக்கு வெளியே சுற்றுவட்டாரத்தில் எடுத்த ஒப்பீட்டு மாதிரி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சல்லடை அளவைத் தாண்டுவது மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பதற்கான அடையாளம். நோய் வரும் என்ற தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

5. எந்த வடிவத்தில் இருக்கிறது? மூன்று இணைதிறன் குரோமியத்தின் நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் குரோமியம் மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் தரும். "மொத்தக் குரோமியம்" என்ற ஒற்றை எண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது. தனிச் சோதனை வேண்டும்.

6. எந்தச் சோதனை? கழிவை அமிலக் கரைசலில் குலுக்கி, எவ்வளவு உலோகம் கரைந்து வெளியேறுகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனை ஒன்று உண்டு. குப்பைக் கிடங்கில் கொட்டத் தகுந்த கழிவா என்று முடிவெடுக்க வகுத்தது அது. அதில் தேறிய மண்ணைக் குழந்தை விளையாடத் தகுந்த மண் என்று காட்டுவது தவறு. அறிக்கைகளில் நான் மிகவும் கவலையோடு பார்க்கும் குழப்பம் இதுதான்.

இலக்கு அளவைப் பற்றிய வாதம் எப்படி நடக்கும் என்பதற்குக் கொடைக்கானல் நல்ல எடுத்துக்காட்டு. 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் நிலத்தைச் சுத்தம் செய்யக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்கு வைக்கப்பட்டது. அது குடியிருப்புப் பயன்பாட்டை வைத்துக் கணித்த அளவு. அந்த நிலமோ பாம்பார் சோலைக் காட்டை ஒட்டியது. காட்டின் உயிர்களுக்கும் நீரோடைக்கும் அந்த அளவு போதுமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். வாதத்தின் மையத்தில் இருந்தது "ஏற்பவர் யார்" என்ற கேள்வியே.

சுத்தம் செய்த பிறகும் தொடரும் பொறுப்பு

மாசு உறுதியானால் வழிகள் பல. தோண்டி எடுத்துப் பாதுகாப்பான கிடங்குக்கு அனுப்பலாம். சிமென்ட் கலந்து இறுக்கலாம். ஆவியாகும் பொருட்களை உறிஞ்சி எடுக்கலாம், நுண்ணுயிர்களைக் கொண்டு எண்ணெயைச் சிதைக்கலாம், மண்ணைக் கழுவலாம். 2012 ஒலிம்பிக் போட்டிக்காக லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் பழைய தொழில் நிலத்தைப் பூங்கா ஆக்கியபோது, "மண் மருத்துவமனை" என்று பெயரிட்ட இடங்களில் மண்ணைக் கழுவி அங்கேயே திரும்பப் பயன்படுத்தினார்கள். எந்த வழியானாலும், வேலை முடிந்தபின் பள்ளத்தின் அடியிலும் சுவர்களிலும் மாதிரி எடுத்துச் சோதித்த சான்று இருக்க வேண்டும். அகற்றிய மண் எந்தக் கிடங்குக்குப் போனது என்ற ஒவ்வொரு லாரியின் ரசீதும் வேண்டும். இல்லாவிட்டால் மாசு ஊர் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

மிக மலிவான வழி, மாசை அப்படியே விட்டு மேலே களிமண்ணோ கான்கிரீட்டோ போட்டு மூடுவது. முறையாகச் செய்தால் அதில் தவறில்லை, பாதையை அறுக்கிறது. ஆனால் மூடி இருக்கும் நாள்வரைதான் அந்தப் பாதுகாப்பு. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கனால் என்ற பழைய வாய்க்காலில் சுமார் 21,000 டன் வேதிக்கழிவு கொட்டி மூடப்பட்டிருந்தது. 1953இல் அந்த நிலம் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குக் கைமாறியது. கீழே கழிவு இருக்கிறது என்ற எச்சரிக்கை பத்திரத்திலேயே இருந்தது. அப்படியிருந்தும் அதன்மேல் பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன, சாலைக்கும் சாக்கடைக்கும் தோண்டியதில் மூடி உடைந்தது. கனமழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறியபோது கழிவு வீட்டு நிலவறைகளுக்குள் வந்தது. 1978இல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்ய 1980இல் அந்நாடு கொண்டுவந்த தனிச் சட்டத்துக்கு இந்த நிகழ்வே உந்துதல். அங்கே தகவல் இருந்தது. அதைத் தோண்டுகிறவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு இல்லை.

எனவே மூடி வைக்கும் தீர்வு முன்வைக்கப்பட்டால் கேட்க வேண்டியவை இவை: எந்த ஆழத்துக்குக் கீழே தோண்டக்கூடாது என்பது நிலப் பத்திரத்திலும் உள்ளாட்சிப் பதிவிலும் ஏறியிருக்கிறதா? குழாய் பதிக்க வருபவருக்கு அது எப்படித் தெரியும்? ஆழ்துளைக் கிணறு போடத் தடை உண்டா? மூடியையும் கண்காணிப்புக் கிணறுகளையும் ஆண்டுதோறும் பார்ப்பவர் யார்? கட்டியவர் எல்லா வீடுகளையும் விற்றுவிட்டுப் போனபின் அதற்கான செலவு யார் தலையில் விழும்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால், அந்தச் செலவு வீடு வாங்கியவர்களுடையது என்று எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதற்கான நிதி ஒதுக்கீட்டைக் கேட்டுப் பெற வேண்டும்.